சூரியன் அணைவதற்கும் நாளைக் காலை எழுவதற்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி சுருக்கமாக இது: "அறிவியல் படிக்கப் படிக்க வாழ்க்கை வெறுமையாகத் தெரிகிறது. நாம் அணுக்களின் கூட்டம். அன்பு என்பது ஒரு ஹார்மோன். மனித இனம் தற்செயலாக வந்தது. சூரியனும் ஒருநாள் அணைந்துவிடும். இதெல்லாம் உண்மையென்றால் எதற்காக வாழ்வது? இதற்கும் அறிவியலிலேயே பதில் உண்டா, இல்லை மதத்தின் பக்கம் திரும்புவதுதான் வழியா?"

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "நாமெல்லாம் நட்சத்திரத் தூசி, அந்த வியப்பே போதும்" என்பது ஒன்று. "எப்படி என்று அறிவியல் சொல்லும், ஏன் என்று மதம் சொல்லும்" என்பது மற்றொன்று. எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. நம் உடலில் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் நட்சத்திரங்களுக்குள் உருவானவை என்பது உண்மைதான். ஆனால் குப்பைமேட்டில் கிடக்கும் கார்பனும் அங்கிருந்து வந்ததுதானே? தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவரிடம் போய் அவருடைய கார்பனின் பூர்வீகத்தைச் சொல்லி என்ன பயன்? இரண்டாவது பதில், சண்டை வராமல் இருக்க நடுவில் போட்ட வேலி. அறிவியல் எத்தனையோ "ஏன்"களுக்குப் பதில் சொல்கிறது. மதங்களும் உலகம் எப்படி உண்டானது என்று நிறையவே சொல்லியிருக்கின்றன. அந்த வேலி ரொம்ப நாள் நிற்காது.

நான் சொல்ல வருவது வேறு. நீங்கள் அடுக்கியிருக்கும் தகவல்கள் பெரும்பாலும் சரி. ஆனால் அவற்றிலிருந்து "வாழ்க்கைக்கு அர்த்தமில்லை" என்ற முடிவுக்குப் போகும்போது நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. எந்த ஆய்வகமும் அதைச் செய்யவில்லை. தாவுவது நாம், தாவிவிட்டு அறிவியலின் கணக்கில் எழுதிவைக்கிறோம். ஒவ்வொரு தாவலையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பாரத்தில் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதி உண்மையான இழப்பு, அதையும் மறைக்காமல் பேசியாக வேண்டும்.

முதலில் ஒரு சாட்சி. 1979-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஷெல்டன் கிளாஷோ, அப்துஸ் சலாம், ஸ்டீவன் வைன்பெர்க் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. மின்காந்த விசையையும், சிலவகைக் கதிரியக்கத்துக்குக் காரணமான மென்விசையையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்ததற்காக. இதில் சலாமும் வைன்பெர்க்கும் தனித்தனியாக வேலை செய்து ஏறக்குறைய ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். சலாம் ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ள முஸ்லிம். நோபல் விருந்தில் பேசும்போதே குர்ஆனை மேற்கோள் காட்டினார். வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். பிரபஞ்சம் புரியப் புரிய அது நோக்கமற்றதாகவே தெரிகிறது என்று 1977-இல் எழுதியவர். வாழ்க்கையைப் பற்றிய ஒரு தீர்ப்பு அந்தச் சமன்பாடுகளுக்குள்ளேயே இருந்திருந்தால், இந்த இருவரில் ஒருவர் கணக்கில் தப்பு செய்திருக்க வேண்டும். இருவருமே செய்யவில்லை.

வைன்பெர்க்கின் அந்த வரியை எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்து அவர் சொன்னது இது: பிரபஞ்சத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சிதான் மனித வாழ்வைக் கேலிக்கூத்தின் நிலையிலிருந்து சற்றே உயர்த்தும் மிகச் சில விஷயங்களில் ஒன்று. நோக்கமில்லை என்று சொன்ன கையோடு தனக்கு எது முக்கியம் என்பதையும் சொல்லிவிட்டார். அதற்காகப் பிரபஞ்சத்திடம் அனுமதி எதுவும் கேட்கவில்லை.

சரி, சூரியனுக்கு வருவோம்.

இந்தக் கவலை நம் காலத்தில் பிறந்ததில்லை. 1862-இல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், சூரியனின் வெப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அணுக்கரு இணைவு என்ற ஒன்று யாருக்கும் தெரியாத காலம். சூரியனுக்கு ஈர்ப்பு ஆற்றலிலிருந்துதான் வெப்பம் வந்திருக்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டார். பூமியில் இருப்பவர்களுக்கு இந்த வெளிச்சமும் வெப்பமும் இன்னும் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு நீடிக்காது என்று வந்தது. இதுவரை அறியாத வேறு ஏதாவது ஆற்றல் மூலம் இருந்தால் ஒழிய என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துவைத்தார். சார்லஸ் டார்வினை இந்த எதிர்காலம் உறுத்தியது. இவ்வளவு நீண்ட, மெதுவான முன்னேற்றத்துக்குப் பிறகு மனிதனும் உணர்வுள்ள மற்ற உயிர்களும் அடியோடு அழிந்துபோவது என்பது தாங்க முடியாத நினைப்பு என்று தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

அப்புறம் கணக்கு மாறியது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது வெளிப்படும் ஆற்றலே நட்சத்திரங்களை எரிய வைக்கலாம் என்று 1920-இல் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் சொன்னார். 1939-இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே அந்த வினைகளை விவரமாகக் காட்டினார். சூரியன் பிறந்து சுமார் 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் எரியும் என்று இப்போது தெரியும். பூமிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. சூரியனின் பிரகாசம் 100 கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்ற வேகத்தில் கூடிக்கொண்டே போவதால் அதற்கு வெகு முன்பே கடல்கள் வற்றிவிடும். இருந்தாலும், கெல்வின் கொடுத்த கெடுவோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய நீட்டிப்பு.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த நீட்டிப்பால் யாருடைய வாழ்க்கைக்காவது அர்த்தம் கூடியதா? 1940-இல் பிறந்தவர் டார்வினைவிடப் பல மடங்கு அர்த்தமுள்ள உலகத்தில் கண் விழித்தாரா? கெடுவைத் தள்ளிப்போட்டதால் எதுவும் கூடவில்லை. அப்படியானால் கெடு இருப்பதால் எல்லாம் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? முடிவே இல்லாத ஒரு பிரபஞ்சத்தைக் கொடுத்தாலும் நீங்கள் இதே கேள்வியைக் கேட்பீர்கள்: "சரி, இது என்றென்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் என்ன?"

தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1971-இல் இதையே இன்னும் இறுக்கமாகச் சொன்னார். இன்று நாம் செய்வது எதுவும் பத்து லட்சம் ஆண்டு கழித்து ஒரு பொருட்டில்லை என்கிறீர்களா? அப்படியானால், பத்து லட்சம் ஆண்டு கழித்து அது பொருட்டாக இராது என்ற செய்தியும் இன்று ஒரு பொருட்டில்லை. கேட்டவுடன் வாய்ஜாலம் போலத் தெரியும். ஆனால் வலியில் துடிக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் வலியைக் குறைத்தால் அந்த நன்மை அப்போதே முழுதாக நடந்து முடிந்துவிட்டது. பிற்காலத்தில் யாரோ வந்து அதை உறுதி செய்ய வேண்டியதில்லை. சூரியன் வீங்கி வந்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது.

ஆனாலும் நேகலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. எதிர்காலம் ஒரு பொருட்டே இல்லை என்பதும் பொய் என்பதால்தான். சாமுவேல் ஷெஃப்ளர் என்ற மற்றொரு தத்துவவாதி ஒரு கற்பனைச் சோதனை வைக்கிறார். நீங்கள் முழு ஆயுளும் வாழ்ந்து நிம்மதியாக இறந்துபோவீர்கள். நீங்கள் இறந்து 30 நாள் கழித்து ஒரு பெரிய விண்கல் மோதி பூமி அழிந்துவிடும். உங்களுக்கு நேரடியாக ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அப்படித்தான் நடக்கும் என்று இன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டால்? இருபது வருடத்தில் பலன் தரக்கூடிய புற்றுநோய் ஆராய்ச்சியைத் தொடருவீர்களா? அகராதி தொகுப்பீர்களா? மரம் நடுவீர்களா? பள்ளிக்கூடம் கட்டுவீர்களா? பாதி வேலைகள் கையிலிருந்து நழுவிவிடும். நம்முடைய அன்றாட வேலையின் அர்த்தம், நாம் பெயர்கூட அறியாத, இன்னும் பிறக்காதவர்கள் மேல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நாம் சுயநலக்காரர்கள் என்று நமக்கே ஒரு நினைப்பு உண்டு. சொந்தச் சாவை ஏதோ ஒரு வகையில் ஒத்துக்கொண்டு வாழ்கிறவர்களையும், நமக்குப் பின் யாருமே இல்லை என்ற எண்ணம் உலுக்கிவிடுகிறது என்றால் அந்த நினைப்பு முழுதும் சரியாக இருக்க முடியாது.

அறிவியல் உண்மையாகவே உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். 500 கோடி ஆண்டுக்கு அப்பால் இருக்கும் முடிவை அது நமக்குச் சொல்கிறது, அதனால் நாளைக் காலைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடுத்த நூறு, இருநூறு ஆண்டுகளைப் பற்றி அது சொல்வது நம் கடமைகளைத் தொடுகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு விண்கல் இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் வந்து விழுந்தது. பறவைகளின் வழி தவிர டைனோசர் இனம் முழுவதும் அத்தோடு போயிற்று. வருவதைத் தெரிந்துகொள்ள அவற்றுக்கு வழியே இல்லை. 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி நாசாவின் டார்ட் என்ற விண்கலம், டைமார்ஃபஸ் என்ற சுமார் 160 மீட்டர் அகலமுள்ள சிறுகோள் மேல் வேண்டுமென்றே மோதியது. அது தன்னைவிடப் பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவர ஏறக்குறைய 12 மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பிறகு அதில் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு வான்பொருளின் பாதையை மனிதர்கள் திட்டமிட்டு மாற்றியது அதுவே முதல் தடவை. பிரபஞ்சம் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று காட்டிக்கொடுத்த அதே இயக்கவியல்தான் இதற்கும் உதவியது. காலநிலை மாற்றத்திலும் இதுதான் நிலைமை: தெரிந்துவிட்டது, அதனால் பொறுப்பும் வந்துவிட்டது. பின்வருபவர்கள் மேல் நமக்கு அக்கறை இருக்க வேண்டும் என்று எந்த விண்கலமும் சொல்லித்தரவில்லை. அக்கறை முன்பே இருந்தது, அது என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

"நாம் மிகச் சிறியவர்கள்" என்ற வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். பால்வீதியின் குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டுகள், நம்மால் காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டுகள். இருக்கட்டுமே. கேம்பிரிட்ஜின் ஃப்ராங்க் ராம்ஸி 1925-இல் நண்பர்களிடையே பேசும்போது, நட்சத்திரங்கள் பெரியவையாக இருக்கலாம், ஆனால் அவற்றால் யோசிக்கவோ நேசிக்கவோ முடியாது, எனக்குப் பருமனைவிட யோசிப்பதும் நேசிப்பதும்தான் பெரிதாகப் படுகின்றன என்ற பொருளில் சொன்னார். கணிதம், தர்க்கம், பொருளாதாரம் எல்லாவற்றிலும் அடையாளம் பதித்துவிட்டு 1930-இல் 26 வயதில் இறந்துபோனவர் அவர். நாமெல்லாம் ஒரு விண்மீன் மண்டலம் அளவுக்குப் பருத்துவிட்டால் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துவிடுமா என்று கேட்டால் இந்த வாதம் தானாகவே உதிர்ந்துவிடும்.

அன்பு ஒரு ஹார்மோன் என்ற தகவலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இதில் தகவலிலேயே கோளாறு இருக்கிறது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் ப்ரெய்ரி வோல் என்று எலி போன்ற ஒரு சிறு விலங்கு உண்டு. ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அதன் நெருங்கிய உறவான மலை வோல் அப்படி இல்லை. ஆக்சிடோசின், வாசோப்ரெசின் என்ற இரண்டு ஹார்மோன்களின் ஏற்பிகள், அதாவது அவை வந்து ஒட்டிச் செயல்படும் இடங்கள், இந்த இரண்டு இனங்களின் மூளையிலும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்று 1990-கள் முதல் ஆய்வுகள் வந்தன. பத்திரிகைகள் உடனே ஆக்சிடோசினுக்குக் காதல் ஹார்மோன் என்று பட்டம் கட்டிவிட்டன. 2023-இல் ஓர் ஆய்வுக் குழு மரபணுத் திருத்தம் செய்து, ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத ப்ரெய்ரி வோல்களை உருவாக்கிப் பார்த்தது. அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. ஒரு மூலக்கூறின் தலையில் முழுக் காதலையும் கட்டியது அவசரம் என்று ஆயிற்று.

ஆனால் அந்தச் சோதனை வேறு மாதிரி முடிந்திருந்தாலும் என் வாதத்துக்குப் பாதகமில்லை. நாளைக்கே அன்பின் வேதியியல் முழுவதும் ஒரு மூலக்கூறு விடாமல் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அன்பு எந்த வழியில் நடக்கிறது என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பிதாகரஸ் தேற்றம் உங்களுக்குப் புரிந்ததும் நியூரான்கள் வழியாகத்தான். அதனால் அந்தத் தேற்றம் பொய்யாகிவிட்டதா? அணுக்கொள்கை புரிந்ததும் அதே நியூரான்கள் வழியாகத்தான். மூளையில் நடப்பதெல்லாம் போலி என்று சொன்னால் "நாம் அணுக்களின் கூட்டம்" என்ற கண்டுபிடிப்பும் அதில் சேர்ந்து அடிபட்டுப் போகும். இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத் தன் துறையிலிருந்தே காட்டினார்: எல்லாவற்றையும் அடிப்படை விதிகளுக்குக் குறைக்க முடிகிறது என்பதால் அந்த விதிகளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிட முடியும் என்று ஆகாது. பொருட்கள் திரளத் திரள ஒவ்வொரு மட்டத்திலும் புதிய குணங்களும் புதிய விதிகளும் வருகின்றன.

இனி கடினமான பகுதி. மனித இனம் யாரும் திட்டமிட்டு வரவழைத்ததில்லை என்ற தகவல்.

இங்கே இழப்பு நிஜம். அரிஸ்டாட்டிலின் உலகத்தில் விழுகிற கல்லுக்குக்கூட போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. எல்லாப் பொருளும் ஏதோ ஒன்றை நோக்கியே இயங்கியது. 17-ஆம் நூற்றாண்டு இயற்பியல் கல்லிடமிருந்து அந்த நோக்கத்தை எடுத்துவிட்டது. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வந்த 1859-க்குப் பிறகு உயிரினங்களின் அமைப்பையும் முன்கூட்டிய திட்டம் இல்லாமலே விளக்க முடிந்தது. மூலக்கூறு உயிரியலின் முன்னோடிகளில் ஒருவரான ஜாக் மோனோ 1970-இல் ஈவிரக்கமில்லாமல் எழுதினார்: உணர்வில்லாத இந்தப் பிரம்மாண்டத்தில் மனிதன் தனியாக இருக்கிறான், அவனுடைய விதியோ கடமையோ எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. டார்வினின் மகள் ஆனி 1851-இல் 10 வயதில் நோயில் இறந்தாள். அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்கு அவருடைய இயற்கைத் தேர்வுக் கொள்கையில் ஆறுதலாக ஒரு வரியும் கிடையாது. இயற்கை அவளைத் தண்டிக்கவில்லை. அவளைக் கவனிக்கவே இல்லை. "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது" என்ற நம்பிக்கையில் சாய்ந்து நின்ற ஒருவரிடமிருந்து அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தின் படத்தைக் காட்டுவது எனக்கு முரட்டுத்தனமாகப் படுகிறது.

ஆனால் அறிவியல் அழித்த அர்த்தங்களின் பட்டியலை முழுதாகப் பார்க்காமல் ஒப்பாரி வைக்கக் கூடாது. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பல சமூகங்களில் பல நூற்றாண்டுகளாக அந்த நோய்க்கு அர்த்தம் நிரம்பி வழிந்தது. அது பாவத்தின் சம்பளம், தெய்வத்தின் கோபம், முன்வினையின் பலன். அர்த்தம் கூடக் கூட நோயாளியின் நிலைமை மோசமானது. உடம்பு அழுகுவதோடு, அது தனக்கு வேண்டியதுதான் என்ற தீர்ப்பையும் அவர் சுமக்க வேண்டியிருந்தது. 1873-இல் நார்வேயில் கெர்ஹார்ட் ஆர்மவுர் ஹான்சன் நோயாளிகளின் திசுக்களில் கோல் வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். அது ஒரு பாக்டீரியாவின் வேலை. அந்த பாக்டீரியாவுக்கு உங்கள் தாத்தா செய்த பாவத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அது குணமாகும் நோய். பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோமும் அப்படித்தான். 1959-இல் பாரிஸில் மார்த் கோதியே, ஜெரோம் லெஜூன் உள்ளிட்டோர் அதற்குக் காரணம் கூடுதலாக வந்த 21-ஆவது குரோமோசோம் என்று காட்டும்வரை, பெற்றோர் செய்த ஏதோ தவறுதான் பிள்ளையில் வந்து நிற்கிறது என்ற பேச்சுக்கு எங்கும் பஞ்சமில்லை. "இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, செல் பிரியும்போது நேர்ந்த பிசகு" என்ற செய்தி அந்தத் தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! அர்த்தம் என்றாலே நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கொடூரமான அர்த்தங்கள் நிறைய இருந்தன. அவை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

உலகம் நமக்காக வகுக்கப்பட்டதில்லை என்று ஏற்றுக்கொண்டால் வெறுமையில்தான் போய் விழ வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கணியன் பூங்குன்றனாரின் பாட்டில் முதல் வரியோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். அதன் கடைசிப் பகுதியில், மழை கொட்டிப் பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றின் போக்கில் செல்லும் புணையை, அதாவது மிதவையைப் போல உயிர் முறைவழியே போகிறது என்கிறார். இதைத் தெளிந்துகொண்டதால் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். புணையை ஆறு தேர்ந்தெடுத்து நடத்துவதில்லை என்ற ஒரே பார்வையிலிருந்து, யாரையும் மட்டமாக நினைக்காத ஒரு மனநிலைக்கு அவர் வந்துவிட்டார். இதுவும் தாவல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறுமையை நோக்கித் தாவுவதற்கு இருக்கும் அதே அளவு உரிமை இதற்கும் இருக்கிறது.

"அறிவியலிலேயே பதில் உண்டா" என்று நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: இல்லை. இருப்பதைப் பற்றிய வாக்கியங்களை எவ்வளவு அடுக்கினாலும் "இப்படிச் செய்ய வேண்டும்" என்ற வாக்கியம் அதிலிருந்து தானாகப் பிறக்காது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740 வாக்கிலேயே சுட்டிக்காட்டிவிட்டார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917-இல் மியூனிக்கில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் மருத்துவத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். உயிரைக் காப்பாற்றுவது எப்படி என்று மருத்துவத்துக்குத் தெரியும். அந்த உயிர் வாழத்தக்கதா, எப்போது வாழத்தக்கது என்பதை அது ஆராய்வதில்லை. வாழத்தக்கது என்ற அனுமானத்தோடுதான் வேலையையே தொடங்குகிறது.

அதற்காக அறிவியலுக்கு இங்கே வாயே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மனிதர்களுக்கு வாழ்க்கை எப்போது அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது என்பதை உளவியல் ஆராய்ந்து வருகிறது. ஃப்ராங்க் மார்ட்டெலா, மைக்கேல் ஸ்டீகர் இருவரும் 2016-இல் இந்த உணர்வை மூன்றாகப் பிரித்தார்கள். உலகமும் என் வாழ்க்கையும் எனக்குப் புரிகிறது என்பது ஒன்று. போய்ச் சேர வேண்டிய திசை ஒன்று இருக்கிறது என்பது இரண்டாவது. நான் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பது மூன்றாவது. புரிதல் என்ற முதல் கூறு ஆச்சரியமான அளவுக்கு எளிதாகத் தூண்டப்படுகிறது: மரங்களின் படங்களைப் பருவகால வரிசையில் பார்த்தவர்கள், அதே படங்களைக் கலைத்துப்போட்டுப் பார்த்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையில் அர்த்தம் அதிகம் என்று சொன்னதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. 132 நாடுகளின் தரவுகளை வைத்து ஷிகெஹிரோ ஓய்ஷியும் எட் டீனரும் செய்த ஆய்வில், ஏழை நாட்டு மக்கள் வாழ்க்கைத் திருப்தி குறைவு என்றும் அர்த்தம் அதிகம் என்றும் சொல்லியிருந்தார்கள். அங்கே மதப்பற்று அதிகம் என்பது அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இந்த ஆய்வுகள் உணர்வை அளக்கின்றன, அந்த உணர்வு சரியானதா என்பதை அளப்பதில்லை. ஒரு வெறிக்கூட்டத்தின் தொண்டருக்கும் அர்த்த உணர்வு பொங்கி வழியும். இருந்தாலும் அந்த மூன்றாகப் பிரிக்கும் முறை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தால் உலகம் உங்களுக்கு நன்றாகவே புரிகிறது என்று தெரிகிறது. முதல் கூறில் குறையில்லை. குறை மற்ற இரண்டிலும் இருக்கிறது, அதை இன்னும் அதிகமாகப் புரிந்துகொண்டு நிரப்பிவிடலாம் என்று பார்க்கிறீர்கள். அது நடக்காது. திசையும் மதிப்பும் படிப்பால் வருபவை இல்லை. ஒரு வேலையில் கை வைப்பதால், யாரோ ஒருவர் நம்மை நம்பி இருப்பதால், ஒன்றை நன்றாகச் செய்யப் பழகுவதால் வருபவை. அந்த வேலை அறிவியல் ஆராய்ச்சியாகவும் இருக்கலாம், வைன்பெர்க்குக்கு அப்படித்தான் இருந்தது. டார்வின் இதன் மறுபக்கத்தையும் சொல்லியிருக்கிறார். வயதான காலத்தில் தனக்குக் கவிதையும் இசையும் ருசிக்காமல் போனதைக் குறிப்பிட்டு, தகவல் குவியலிலிருந்து பொது விதிகளை அரைத்தெடுக்கும் இயந்திரமாகத் தன் மனம் ஆகிவிட்டது என்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்றும் எழுதினார். அவரே சொல்கிறார் என்றால் கேட்டுக்கொள்ளலாம்.

மதத்தின் பக்கம் போவதா என்று கேட்டீர்கள். சலாமைப் பார்த்தோம், அறிவியல் தெரிந்தவர் நம்பிக்கையாளராக இருக்க முடியாது என்பது வெறும் பேச்சு. ஆனால் ஒரு கவனம் தேவை. பெருவெடிப்புக் கோட்பாட்டின் முன்னோடி ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1927-இல் பிரபஞ்சம் விரிவதைக் கணக்கால் காட்டியவர், 1931-இல் அதன் தொடக்கத்தை முதன்மை அணு என்று வருணித்தவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியல், கடவுள் உலகைப் படைத்தார் என்ற நம்பிக்கைக்குச் சான்றாகிறது என்ற தொனியில் பேசினார். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, நம்புபவரும் நம்பாதவரும் அதை ஏற்கலாம் என்பதுதான் அவர் நிலை. போப்பின் பேச்சில் அந்தத் தொனி திரும்ப வராமல் இருக்கவும் முயற்சி எடுத்தார். நம்பிக்கைக்குள் போவதானால் அது சொல்வது உண்மை என்று உங்களுக்குத் தோன்றுவதால் போங்கள். பிரபஞ்சவியல் உண்டாக்கிய பயத்துக்கு மருந்தாக எடுத்துக்கொண்டால் அது அடுத்த கண்டுபிடிப்பு வரைக்கும்தான் தாங்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று, இதைத் தத்துவமாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். புகழ், செல்வம், குடும்பம் எல்லாம் இருந்த ஐம்பது வயதில் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு எதிலும் அர்த்தமில்லை என்று ஆகி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நிலை வந்தது. அறிவியல் நூல்களில் பதில் தேடி அவரும் வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்று நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் உங்களைப் பற்றி நீங்கள் சோதித்துக்கொள்ளலாம். கேள்வி மட்டும் கனக்கிறதா, இல்லை சாப்பாடு, இசை, நண்பர்கள் எதுவுமே பிடிக்காமல், தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கிறதா? இரண்டாவது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மூளையை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை, சூரியனையும் குறை சொல்ல வேண்டியதில்லை, சிகிச்சை இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கேள்விகள் எங்கும் ஓடிவிடாது. தேறி வந்த பிறகும் சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.